ஆங்கில டென்ஸ்: பன்னிரண்டு கட்ட அட்டவணையை மூடிவைத்துவிட்டுத் தமிழிலிருந்து தொடங்குவோம்

"மாமா துபாய் போயிருக்கிறார்." இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் "அங்கிள் ஹேஸ் கான் டு துபாய்" என்பார்கள். மாமா இப்போது துபாயில் இருந்தால் அது சரி. ஆனால் மாமா இங்கே திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், எப்போதோ ஒரு தடவை துபாய் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் என்றாலும் தமிழில் இதே வாக்கியம்தான் வரும். அதற்கு ஆங்கிலத்தில் "அங்கிள் ஹேஸ் பீன் டு துபாய்" என்று சொல்ல வேண்டும். கான் என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. பீன் என்றால் போய் வந்த அனுபவம் இருக்கிறது. தமிழில் சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்கிறோம், ஆங்கிலத்தில் அதை வினையே சொல்லியாக வேண்டும்.

நம்மில் பலருக்கு டென்ஸ் வராததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். பள்ளியில் மூன்று காலம், ஒவ்வொன்றுக்கும் நான்கு வகை, ஆக மொத்தம் பன்னிரண்டு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பரீட்சையில் கோடிட்ட இடத்தையும் நிரப்பிவிட்டோம். ஆனால் பேசும்போது மனதில் முதலில் வருவது தமிழ் வாக்கியம், அந்த வாக்கியத்தின் வினை எந்த உருவத்தில் இருக்கிறதோ அதற்கு நேராக ஓர் ஆங்கில உருவத்தைத் தேடி ஒட்டுகிறோம். வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன், வந்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறேன், வருவேன் என்று தமிழ் வினைக்கும் எத்தனையோ சாயல்கள் உண்டு. சில இடங்களில் அவை ஆங்கிலத்தோடு கச்சிதமாகப் பொருந்தும், சில இடங்களில் நேராகக் குழியில் தள்ளிவிடும். எங்கே பொருந்தும், எங்கே தள்ளிவிடும் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், கண்ணால் மட்டும் படித்துவிட்டுப் போகாமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். டென்ஸ் காதில் பழகினால்தான் நாக்கில் வரும்.

படி 1: காலத்தைச் சுமப்பது முதல் சொல் மட்டும்தான்

ஆங்கில வினை ஒரே சொல்லாகவும் வரும், நான்கு சொல்லாகவும் வரும். "வொர்க்ஸ்", "இஸ் வொர்க்கிங்", "ஹேஸ் பீன் வொர்க்கிங்", "வில் ஹேவ் பீன் வொர்க்கிங்". எத்தனை சொல் வரிசையாக நின்றாலும் காலம் முதல் சொல்லில்தான் ஏறும். அதற்கடுத்து வருகிற ஒவ்வொரு சொல்லும் எந்த உருவத்தில் வர வேண்டும் என்பதை அதற்கு முன்னால் நிற்கும் சொல் தீர்மானிக்கிறது. டூ, டஸ், டிட், வில், கேன், ஷுட் போன்றவற்றுக்குப் பின்னால் ஒட்டு எதுவும் இல்லாத மூல வடிவம் வரும்: கோ, ஈட், சீ. ஹேவ், ஹேஸ், ஹேட் வந்தால் பின்னால் மூன்றாம் வடிவம்: கான், ஈட்டன், சீன். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீன் வந்தால் பின்னால் "இங்" சேர்ந்த வடிவம், செயப்பாட்டு வினையாக இருந்தால் மட்டும் மூன்றாம் வடிவம்.

இது மட்டும் மனதில் நின்றுவிட்டால் அட்டவணையே தேவையில்லை, எந்த டென்ஸையும் நீங்களே கட்டிவிடலாம். "டிட் யூ வென்ட்?" ஏன் தவறு? இறந்தகாலத்தை டிட் ஏற்கெனவே தூக்கிக்கொண்டது, வினை அதை மறுபடியும் தூக்க வேண்டியதில்லை. அதனால் "டிட் யூ கோ?" "ஐ டிடின்ட் வென்ட்" இல்லை, "ஐ டிடின்ட் கோ". "ஹி டஸன்ட் நோஸ்" என்பதும் அதே தவறுதான், கடைசியில் வரும் அந்த ஸ் ஒலியை டஸ் எடுத்துக்கொண்டுவிட்டது, "ஹி டஸன்ட் நோ" என்றால் போதும்.

மூன்று வடிவங்களையும் அகர வரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள், ஒலியை வைத்துக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட், புட், ஹிட், ஷட், லெட் எல்லாம் மூன்று வடிவத்திலும் மாறாதவை. பிராட், பாட், தாட், காட், டாட் என்று முடிபவை ஒரு கூட்டம், அதாவது பிரிங், பை, திங்க், கேட்ச், டீச் ஆகியவற்றின் இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும். சிங் சேங் சங், டிரிங்க் டிரேங்க் டிரங்க், ஸ்விம் ஸ்வேம் ஸ்வம், பிகின் பிகேன் பிகன் என்று உள்ளே உயிரொலி மட்டும் மாறுபவை இன்னொன்று. கம் கேம் கம், ரன் ரேன் ரன் என்று முதலும் மூன்றாவதும் ஒன்றாக இருப்பவை சில. ரீட் மட்டும் வேடிக்கையானது, எழுதும்போது மூன்றும் ஒன்றுதான், சொல்லும்போது ரீட், ரெட், ரெட்.

அப்புறம், ஈ டி சேர்த்து இறந்தகாலம் ஆக்கும் வினைகளை நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஓர் அசை கூட்டி "வாக்கெட்", "குக்கெட்" என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. வினையின் கடைசி ஒலி வான்ட் மாதிரி t ஆகவோ நீட் மாதிரி d ஆகவோ இருந்தால்தான் ஓர் அசை கூடும்: "வான்டெட்", "நீடெட்". மற்றபடி "வாக்ட்", "குக்ட்", "பிளேய்ட்" என்று ஒரே இழுப்பில் முடித்துவிடுங்கள்.

படி 2: "போகிறேன்" என்பதை நம்பாதீர்கள்

தமிழின் நிகழ்காலம் ரொம்பத் தாராளமானது. "தினமும் ஆபீஸுக்குப் பஸ்ஸில் போகிறேன்", "இதோ ஆபீஸுக்குப் போகிறேன், அப்புறம் பேசலாம்", "நாளைக்கு மதுரை போகிறேன்". மூன்றுக்கும் ஒரே போகிறேன். ஆங்கிலத்தில் முதலாவது பழக்கம், அதனால் "ஐ கோ டு ஆஃபீஸ் பை பஸ்". இரண்டாவது இந்த நிமிஷம் நடப்பது, "ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ்". மூன்றாவது முடிவான திட்டம், அதற்கும் "ஐ ஆம் கோயிங் டு மதுரை டுமாரோ" என்றே சொல்லலாம்.

நாம் அதிகமாகத் தவறுவது முதலாவதில். "டெய்லி ஐ ஆம் கோயிங்" என்று சொல்கிறவர்கள் ஏராளம். தினமும், எப்போதும், வழக்கமாக, ஞாயிற்றுக்கிழமைகளில் என்று ஒரு சொல் வாக்கியத்தில் இருந்தால், அல்லது இல்லாவிட்டாலும் மனதில் இருந்தால், "இங்" வேண்டாம்.

பழக்கத்தில் இன்னொரு குழியும் இருக்கிறது. தமிழில் பழக்கத்தைச் சொல்ல எதிர்கால வடிவத்தையும் எடுத்துக்கொள்வோம். "அப்பா காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருப்பார், காபி குடிப்பார், அப்புறம் நடக்கப் போவார்." இதை வில் போட்டு "மை ஃபாதர் வில் கெட் அப் அட் ஃபைவ்" என்று ஆரம்பித்தால், கேட்பவர் நாளைக்கு நடக்கப்போவதைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று நினைக்கக்கூடும். "மை ஃபாதர் கெட்ஸ் அப் அட் ஃபைவ்" என்பதுதான் நேரானது. இதே வடிவம் கடந்தகாலப் பழக்கத்துக்கும் வரும்: "தாத்தா தினமும் கதை சொல்லுவார்." தாத்தா இப்போது இல்லை. அதற்கு "கிராண்ட்ஃபாதர் யூஸ்ட் டு டெல் அஸ் ஸ்டோரீஸ்". யூஸ்ட் டு என்பது முன்பு இருந்து இப்போது நின்றுபோன பழக்கத்துக்கு மட்டும்தான். "ஐ யூஸ்ட் டு கோ டு ஜிம் எவ்ரிடே" என்று சொன்னால் இப்போது போவதில்லை என்று பொருள். இன்றைக்கும் போகிறவர் "ஐ யூஷுவலி கோ" என்று சொல்ல வேண்டும்.

தமிழ் காலங்களை இப்படிக் கலந்து பயன்படுத்துவது தவறொன்றும் இல்லை. கால வழுவமைதி என்று பள்ளியில் படித்திருப்போம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் காலம் மாறி வரலாம் என்று நன்னூல் ஒப்புக்கொள்கிறது. சாப்பிட்டுக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கிறோமே, வராமலேயே வந்ததாகச் சொல்வது விரைவினால். அதை ஆங்கிலத்தில் "ஐ கேம்" என்று சொன்னால் எடுபடாது, "ஐ ஆம் கமிங்" என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி, "இங்" சேரவே சேராத வினைகள். "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்", "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் ஹேவிங் எ டவுட்". இந்தியா முழுக்கக் கேட்கிற வாக்கியங்கள் இவை. நோ, லைக், வான்ட், நீட், பிலாங், பிலீவ், அப்புறம் உடைமைப் பொருளில் வரும் ஹேவ், இவையெல்லாம் செயல் இல்லை, நிலை. இதற்குத் தமிழ் காது ஓர் அருமையான சோதனையைத் தருகிறது. "எனக்கு அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறது" என்று யாராவது சொல்வார்களா? "எனக்கு இட்லி பிடித்துக்கொண்டிருக்கிறது"? "எனக்கு இரண்டு அண்ணன்கள் இருந்துகொண்டிருக்கிறார்கள்"? காதுக்கே ஒவ்வவில்லை. தமிழில் "கொண்டிரு" ஒட்டாத வினைக்கு ஆங்கிலத்திலும் பெரும்பாலும் "இங்" ஒட்டாது. "ஐ நோ ஹிம்", "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" மட்டும் ஏன் சரி? அங்கே ஹேவ் என்றால் சாப்பிடுவது, அது செயல். தமிழிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்போம், சோதனை அங்கேயும் சரியாகவே வேலை செய்கிறது.

படி 3: முடிந்தது முடிந்ததுதான்

சிம்பிள் பாஸ்ட் எளிது, சீக்கிரம் கடந்துவிடலாம். எப்போது என்று சொல்லக்கூடிய, முடிந்துபோன செயல். "ஐ சா ஹிம் யெஸ்டர்டே." "வி மூவ்ட் டு திருச்சி இன் 2015." பேசும்போது காலம் எதுவும் குறிப்பிடாவிட்டாலும், இரண்டு பேருக்கும் எந்தச் சம்பவம் என்று தெரிந்திருந்தால் இதுதான்.

அந்தச் செயல் நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்று குறுக்கே வந்தால் வாஸ், வேர். "நான் குளித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது" என்பது "ஐ வாஸ் டேக்கிங் எ பாத் வென் த ஃபோன் ரேங்". இங்கே தமிழும் ஆங்கிலமும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன, கொண்டிருந்தேன் என்றால் வாஸ், பயப்படாமல் போடலாம்.

படி 4: ஹேவ் வரும் இடம்

இங்கே கொஞ்சம் நின்று போவோம், நம்மவர்கள் தடுக்கி விழும் இடங்களில் பாதி இதற்குள் இருக்கிறது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற பெயரிலேயே விடை இருக்கிறது, அது நிகழ்காலம். செயல் முன்னால் நடந்திருக்கலாம், ஆனால் பேச்சு இப்போதைப் பற்றியது. "ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ" என்றால் சாவி இப்போது என்னிடம் இல்லை, வெளியே நிற்கிறேன். "ஐ லாஸ்ட் மை கீ" என்றால் எப்போதோ தொலைத்த கதை, அப்புறம் கிடைத்தும் இருக்கலாம்.

தமிழில் இதற்கு நேரான வடிவம் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன் என்று இருக்கிறது. "நான் தாஜ்மகால் பார்த்திருக்கிறேன்" என்பது "ஐ ஹேவ் சீன் த தாஜ் மஹால்". அழகாகப் பொருந்துகிறது. சிக்கல் எங்கே என்றால், தமிழில் இந்த வடிவத்தோடு முடிந்துபோன காலத்தையும் சேர்த்துச் சொல்லலாம். "சின்ன வயதில் அவரை நேரில் பார்த்திருக்கிறேன்." தமிழில் குறையே இல்லாத வாக்கியம். ஆனால் "ஐ ஹேவ் சீன் ஹிம் வென் ஐ வாஸ் எ சைல்ட்" என்றால் ஆங்கிலத்தில் தவறு, "ஐ சா ஹிம்" என்றே சொல்ல வேண்டும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2019, வென் ஐ வாஸ் இன் காலேஜ் என்று கதவு சாத்திய காலம் எது வந்தாலும் ஹேவ் வெளியே போய்விட வேண்டும். அதனால்தான் "வென் ஹேவ் யூ கம்?" என்று கேட்கக் கூடாது. வென் என்பதே குறிப்பிட்ட நேரத்தைக் கேட்கிறது, "வென் டிட் யூ கம்?" என்றே கேளுங்கள்.

டுடே, திஸ் வீக், திஸ் இயர் எல்லாம் இன்னும் திறந்திருக்கும் காலம், அதனால் ஹேவ் வரலாம். "ஐ ஹேவ் ஹேட் த்ரீ காஃபீஸ் டுடே." திஸ் மார்னிங் என்பது கொஞ்சம் நுட்பமானது. காலை பத்து மணிக்குச் சொன்னால் "ஐ ஹேவ் கால்ட் ஹிம் ட்வைஸ் திஸ் மார்னிங்". சாயங்காலம் நான்கு மணிக்கு அதையே சொன்னால் "ஐ கால்ட் ஹிம் ட்வைஸ் திஸ் மார்னிங்". காலை முடிந்துவிட்டது, அதோடு ஹேவும் போய்விட்டது.

ஆபீஸ் மெயில் எழுதுகிறவர்களுக்கு இது மிகவும் தேவைப்படும். ஃபைல் அனுப்பியாகிவிட்டது, அவ்வளவுதான் செய்தி என்றால் "ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்". நேற்றே அனுப்பிவிட்டேன் என்று நாளைச் சொன்னால் "ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே". இரண்டையும் கலக்காதீர்கள். "ஹேவ் யூ ஈட்டன் யெட்?" என்று பிரிட்டிஷ் வழக்கில் கேட்பதை அமெரிக்கர்கள் "டிட் யூ ஈட் யெட்?" என்றும் கேட்பார்கள். அமெரிக்க வீடியோக்களில் இதைக் கேட்டால் குழம்ப வேண்டாம், அங்கே அது வழக்கம்.

இப்போது இந்தப் படியின் முக்கியமான பகுதி. "ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்." தமிழில் வினை நிகழ்காலத்தில் இருக்கிறது. அதனால் நாம் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்" என்கிறோம். அதில் இரண்டு தவறு. சரியானது "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்". எப்போதோ தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் செயலை, எவ்வளவு காலமாக என்று அளவோடு சொல்லும்போது ஆங்கிலம் ஹேவ் பீன் கேட்கும்.

ஃபார், சின்ஸ் குழப்பத்துக்குத் தமிழிலேயே விடை தயாராக இருக்கிறது. "ஆக" வந்தால் ஃபார், "இருந்து" வந்தால் சின்ஸ். ஐந்து வருஷமாக, மூன்று நாளாக, ரொம்ப நேரமாக: ஃபார் ஃபைவ் இயர்ஸ், ஃபார் த்ரீ டேஸ், ஃபார் எ லாங் டைம். 2019-லிருந்து, காலையிலிருந்து, கல்யாணம் ஆனதிலிருந்து: சின்ஸ் 2019, சின்ஸ் திஸ் மார்னிங், சின்ஸ் அவர் வெட்டிங். தமிழ் வாக்கியத்தில் இந்த "ஆக"வோ "இருந்து"வோ கண்ணில் பட்டதும் கை தானாக ஹேவ் பீன் பக்கம் போக வேண்டும். "காலையிலிருந்து மழை பெய்கிறது", "இட் ஹேஸ் பீன் ரெய்னிங் சின்ஸ் திஸ் மார்னிங்". டாக்டரிடம் "மூன்று நாளாகக் காய்ச்சல்" என்று சொல்ல "ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ்". ஹேவ் ஹேட் என்று இரண்டும் சேர்ந்து வருவதைப் பார்த்துத் தயங்காதீர்கள், முதலாவது டென்ஸுக்கான ஹேவ், இரண்டாவது "இருக்கிறது" என்ற பொருளில் வரும் ஹேவின் மூன்றாம் வடிவம். "அவனைப் பார்த்து ஐந்து வருஷம் ஆச்சு" என்பதற்கு "ஐ ஹேவன்ட் சீன் ஹிம் ஃபார் ஃபைவ் இயர்ஸ்".

இது வெறும் இலக்கண நுணுக்கம் இல்லை. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு வேலைக்கான நேர்காணலில், அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையைப் பற்றி "ஐ வொர்க்ட் இன் எ பிரிண்டிங் பிரஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்றேன். எதிரே இருந்தவர் உடனே ஏன் விட்டீர்கள், அதற்கப்புறம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் விடவே இல்லை, அன்றைக்குக் காலையில்கூட அங்கே போய்விட்டுத்தான் வந்திருந்தேன். வொர்க்ட் என்றால் முடிந்த கதை, ஹேவ் பீன் வொர்க்கிங் என்றால் இன்னும் அங்கே இருக்கிறேன். அந்த ஒரு சொல்லை விளக்குவதற்கே எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி போய்விட்டது, அந்த வேலையும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் நேர்காணலுக்குப் போகிறேன் என்று சொன்னாலும் இந்த ஒரு வாக்கியத்தை நாலு தடவை சொல்ல வைத்துத்தான் அனுப்புகிறேன்.

படி 5: ஹேட், தேவைப்பட்டால் மட்டும்

"நேற்றே உங்களிடம் சொல்லியிருந்தேனே!" தமிழில் எவ்வளவு இயல்பாக இருக்கிறது. இதன் பாதிப்பில்தான் "ஐ ஹேட் டோல்ட் யூ யெஸ்டர்டே", "ஐ ஹேட் கான் டு மதுரை லாஸ்ட் வீக்" என்று எதற்கெடுத்தாலும் ஹேட் போடுகிறோம். தமிழில் சொல்லியிருந்தேன் என்று தனியாக நிற்கலாம். ஆங்கிலத்தில் ஹேட் தனியாக நிற்காது, அதற்குப் பக்கத்தில் இன்னொரு இறந்தகாலச் சம்பவம் வேண்டும், அந்தச் சம்பவத்துக்கு முன்பே இது நடந்துவிட்டது என்று காட்டத்தான் ஹேட். நேற்று சொன்னதை மட்டும் சொல்ல "ஐ டோல்ட் யூ யெஸ்டர்டே", மதுரை போனதைச் சொல்ல "ஐ வென்ட் டு மதுரை லாஸ்ட் வீக்".

எங்கே வேண்டும் என்று பாருங்கள். "வென் ஐ ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட், த பஸ் ஹேட் லெஃப்ட்." நான் போய்ச் சேரும் முன்பே பஸ் போய்விட்டது, எனக்குப் பஸ் கிடைக்கவில்லை. அதையே "த பஸ் லெஃப்ட்" என்றால் நான் போய்ச் சேர்ந்தேன், அப்போது பஸ் கிளம்பியது என்று ஆகிவிடும், ஓடிப்போய் ஏறியும் இருக்கலாம். பிஃபோர், ஆஃப்டர் இருந்தால் வரிசை ஏற்கெனவே தெளிவு, அப்போது ஹேட் இல்லாமலும் சொல்லலாம்.

ஹேட் கட்டாயம் வரும் இடம் ஒன்று உண்டு, அங்கே தமிழ் கைகொடுக்கிறது. "நேற்றே சொல்லியிருந்தால் வந்திருப்பேன்." இருந்தால் என்பதற்கு ஹேட், இருப்பேன் என்பதற்கு வுட் ஹேவ்: "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ யெஸ்டர்டே, ஐ வுட் ஹேவ் கம்." இதை முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது, அத்தனை நாள் பயந்துகொண்டிருந்த கண்டிஷனல், அதாவது நிபந்தனை வாக்கியம், ஒரே நொடியில் புரிந்துபோனது.

படி 6: நாளை என்பதற்கு நான்கு வழி

ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு என்று வினையில் தனி ஒட்டு கிடையாது. வினை தன் உருவத்தை மாற்றிக்கொள்வது நிகழ்காலம், இறந்தகாலம் இரண்டுக்கு மட்டும்தான். எதிர்காலத்துக்குப் பல வழிகளை இரவல் வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் குழப்பம்.

அந்த நொடியில் எடுக்கும் முடிவு என்றால் வில். கதவை யாரோ தட்டுகிறார்கள், "நான் பார்க்கிறேன்" என்று எழுகிறீர்கள். தமிழில் நிகழ்காலம், ஆங்கிலத்தில் "ஐல் கெட் இட்". "விடுங்க, நான் பார்த்துக்கிறேன்" என்பதும் "ஐல் டேக் கேர் ஆஃப் இட்". முன்பே மனதில் முடிவு செய்தது என்றால் கோயிங் டு: "ஐ ஆம் கோயிங் டு பை எ ஸ்கூட்டர்." நாள், நேரம் எல்லாம் பேசி உறுதியானது என்றால் "இங்": "ஐ ஆம் மீட்டிங் த டாக்டர் டுமாரோ." கால அட்டவணைப்படி நடப்பது என்றால் சாதாரண நிகழ்காலமே போதும்: "த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன் டுமாரோ."

இங்கே நம்மைத் தள்ளிவிடும் தமிழ் வடிவம் "வரும்போது". "நீ வரும்போது பால் வாங்கிட்டு வா." வரும் என்பது எதிர்கால உருவம் என்பதால் "வென் யூ வில் கம்" என்று வாயில் வந்துவிடுகிறது. வென், இஃப், அன்டில், ஆஃப்டர், ஆஸ் சூன் ஆஸ் இவற்றுக்குப் பின்னால் எதிர்காலத்தைச் சொன்னாலும் வில் வராது. "வென் யூ கம், பிரிங் சம் மில்க்." "இஃப் இட் ரெய்ன்ஸ், வி வில் ஸ்டே ஹோம்." வில் வர வேண்டுமானால் வாக்கியத்தின் அடுத்த பாதியில்தான். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், "எப்போது வருவாய்" என்று கேள்வியாகக் கேட்டால் "வென் வில் யூ கம்?" சரியே.

மெயில்களில் "ஐ வுட் பி அட்டெண்டிங் த மீட்டிங்" என்று எழுதுவதை மரியாதை என்று நினைக்கிறோம். வுட் என்றவுடன் படிப்பவர் மனதில் "ஆனால்" என்று ஒரு நிபந்தனைக்கான எதிர்பார்ப்பு வந்துவிடும். வருவது உறுதி என்றால் "ஐ வில் அட்டெண்ட்" என்றே எழுதுங்கள்.

வில் ஹேவ் பற்றி ஒரே ஒரு வாக்கியம் போதும். "இந்நேரம் ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்", "ஹி வில் ஹேவ் ரீச்ட் ஹோம் பை நவ்". வில் ஹேவ் பீன் வொர்க்கிங் போன்ற நீண்ட வடிவங்கள் படிக்கும்போது புரிந்தால் போதும், பேசுவதற்குத் தேடிப் பிடிக்க வேண்டாம்.

படி 7: தொடர்ந்து எழுதும்போது ஒரே காலத்தில் நில்லுங்கள்

தமிழில் கதை சொல்லும்போது காலத்தை மாற்றிக்கொண்டே போவோம். "நேத்து கடைக்குப் போனேன், பாத்தா அங்க நம்ம குமார் நிக்கிறான், என்னடா இங்கன்னு கேக்கிறேன்..." கேட்பவர்களைச் சம்பவத்துக்குள் இழுக்கும் அழகான முறை இது. ஆங்கிலக் கட்டுரையிலோ கடிதத்திலோ இப்படி நடுவில் தாவினால் எழுதத் தெரியாதவர் என்று மதிப்பெண் குறையும். இறந்தகாலத்தில் ஆரம்பித்தால் கடைசிவரை வென்ட், சா, ஆஸ்க்ட் என்று போங்கள்.

அடுத்தவர் சொன்னதைச் சொல்லும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். "வருகிறேன் என்று சொன்னான்" என்பதில் தமிழ் அவன் சொன்ன சொல்லை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் செட் இறந்தகாலம் என்பதால் உள்ளே இருப்பதும் பின்னால் நகரும்: "ஹி செட் ஹி வாஸ் கமிங்." டோல்ட் போட்டால் யாரிடம் என்பதும் வர வேண்டும், "ஹி டோல்ட் மீ".

படி 8: தினமும் கால் மணி நேரம்

புத்தகப் பயிற்சியைவிட உங்கள் வாட்ஸாப்பே நல்ல பயிற்சிப் புத்தகம். இன்றைக்கு நீங்கள் தமிழில் அனுப்பிய செய்திகளில் ஐந்தை எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் வினைக்கு அடிக்கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் மாற்றுவதற்கு முன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது பழக்கமா, ஒரு தடவையா? நேரம் சொல்லியிருக்கிறேனா, அந்த நேரம் முடிந்துவிட்டதா? "ஆக", "இருந்து" எங்காவது இருக்கிறதா? அப்புறம் எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். எழுதி முடித்தபின் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைத்தொடரின் முதல் சொல்லை வட்டமிட்டு, காலம் அதில் மட்டும்தான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதல் இரண்டு வாரம் மெதுவாகத்தான் போகும், அவசரப்படாதீர்கள். எல்லா டென்ஸையும் ஒரே நாளில் தொடவும் வேண்டாம், நான் சொல்லிக்கொடுத்தவர்களை முதல் வாரம் முழுக்க "ஆக", "இருந்து" வாக்கியங்களோடு மட்டும் விடுவேன், அதில்தான் பலன் சீக்கிரம் கண்ணுக்குத் தெரிகிறது.

முதல் ஐந்தை நான் தருகிறேன், விடையைப் பார்க்காமல் முயற்சி செய்யுங்கள். ஒன்று, பாட்டி தினமும் கோவிலுக்குப் போவார் (பாட்டி நலமாக இருக்கிறார்). இரண்டு, எட்டு மாதமாக வீடு தேடுகிறோம். மூன்று, போன தீபாவளிக்கு அவரைப் பார்த்திருக்கிறேன். நான்கு, நீங்கள் ஊருக்கு வரும்போது போன் பண்ணுங்கள். ஐந்து, நாங்கள் தியேட்டருக்குப் போனபோது படம் ஆரம்பித்திருந்தது.

விடைகள் இவை. பாட்டியின் போவார் பழக்கம், அதனால் வில் இல்லை: "கிராண்ட்மா கோஸ் டு த டெம்பிள் எவ்ரிடே." வீடு தேடுவதில் "ஆக" இருக்கிறது: "வி ஹேவ் பீன் லுக்கிங் ஃபார் எ ஹவுஸ் ஃபார் எய்ட் மந்த்ஸ்." போன தீபாவளி முடிந்துபோன காலம், தமிழில் பார்த்திருக்கிறேன் என்று இருந்தாலும் "ஐ சா ஹிம் லாஸ்ட் தீபாவளி". வரும்போது என்பதற்கு வில் இல்லாமல் "வென் யூ கம் டு டவுன், கிவ் மீ எ கால்". கடைசியில் இரண்டு இறந்தகாலச் சம்பவங்கள், முந்தியதற்கு ஹேட்: "வென் வி ரீச்ட் த தியேட்டர், த மூவி ஹேட் ஸ்டார்ட்டட்."